அளவுக்குப் பொருந்தும் கார்டிகனைக் கையால் பின்ன: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரின் மார்கழிக் குளிருக்கு, தோளிலும் இடுப்பிலும் சரியாகப் பொருந்தும் ஒரு கம்பளிக் கார்டிகனை (முன்புறம் திறந்து பொத்தான் போடும் ஸ்வெட்டர்) நானே பின்ன வேண்டும் என்று தொடங்கி, அதை முடிக்க எனக்கு மூன்று முயற்சிகளும் 14 மாதங்களும் ஆயின. முதல் முயற்சி மார்பளவில் 10 சென்டிமீட்டர் பெரிதாக வந்தது. இரண்டாவது முயற்சியில் ஒரு கை மீதமிருக்கும்போது நூல் தீர்ந்தது. மூன்றாவதைத்தான் இப்போது உடுத்திக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு தோல்விகளும் முற்றிலும் தவிர்க்கக்கூடியவை என்பதால், உங்களுக்கு அவை நேராதிருக்க இதை எழுதுகிறேன். ஊசியில் கண்ணி ஏற்றவும், நிட், பர்ல் பின்னவும், கண்ணி மூடவும் நீங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறீர்கள், ஒரு மஃப்ளரோ குல்லாவோ பின்னியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. நூல் வாங்குவதற்கு முன் காலத்தைக் கணக்கிடுங்கள்

98 சென்டிமீட்டர் மார்பளவும் முழுக்கையும் கொண்ட ஒரு கார்டிகனில் சுமார் 8,000 சதுர சென்டிமீட்டர் பின்னல் இருக்கிறது. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் வரும் நூலில் பின்னினால் மொத்தம் 50,000 கண்ணிகளுக்கு மேல் போட வேண்டும். நிமிடத்திற்கு 15 கண்ணி போடும் ஒருவருக்கு இது ஏறக்குறைய 60 மணி நேர வேலை. இதற்கு மேல் அலசிக் காயவைத்தல், இணைத்தல், பொத்தான் பட்டி ஆகியவற்றிற்கு 12 முதல் 15 மணி நேரம் ஆகும். பிரித்துப் பின்னும் நேரத்தையும் கூட்டிக்கொண்டால், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு நான்கு மாதங்கள் நியாயமான கணக்கு.

இந்தக் கணக்கை முதலிலேயே போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு திருமணத்திற்கோ பயணத்திற்கோ நாள் குறித்துக்கொண்டு தொடங்குபவர்கள், நாள் நெருங்கும்போது, அளவைச் சோதிக்க முன்னதாகப் பின்னும் மாதிரித் துண்டையும் அலசுவதையும்தான் முதலில் கைவிடுகிறார்கள்; உடை பொருந்துவதும் பொருந்தாததும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. மார்கழியில் உடுத்த வேண்டுமானால் ஆடியில் கண்ணி ஏற்றுங்கள்.

2. அளவெடுங்கள், எழுதி வையுங்கள்

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு ஸ்வெட்டரையோ சட்டையையோ தரையில் விரித்து அளந்துகொள்ளுங்கள்; பிறகு உடலையும் அளந்துகொள்ளுங்கள். உடலை அளக்க வேறொருவர் உதவி வேண்டும், ஏனெனில் தன் முதுகைத் தானே அளந்துகொள்பவர் தோளை உயர்த்திவிடுவார். மார்பு, இடுப்பு, ஒரு தோள்முனையிலிருந்து மறு தோள்முனை வரையிலான முதுகு அகலம், தோளிலிருந்து உடையின் கீழ்விளிம்பு வரையிலான உயரம், கைக்குழி ஆழம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரையிலான கை நீளம், மேற்கையின் சுற்றளவு, மணிக்கட்டின் சுற்றளவு ஆகிய எட்டு அளவுகளும் தேவை.

உடலளவோடு லூஸ் சேர்க்க வேண்டும் என்பது தையற்காரர் எவரும் சொல்வதுதான். ஒரு ரவிக்கையோ மெல்லிய சட்டையோ உள்ளே அணிந்து மேலே போடும் கார்டிகனுக்கு மார்பில் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை லூஸ் போதும். ஆனால் முதுகு அகலத்தில் லூஸ் சேர்க்காதீர்கள். பின்னல் துணி தன் எடையால் தானே இறங்கும். தோள் ஒரு சென்டிமீட்டர் அகன்றால்கூடக் கை முழுவதும் கீழே வழிந்து, உடை இரவல் வாங்கியது போல் தோன்றும். உடலுக்குப் பொருந்துவதா இல்லையா என்பதை மார்பளவைவிடத் தோள்தான் தீர்மானிக்கிறது.

3. பேட்டர்னைத் தேர்ந்தெடுங்கள்

பேட்டர்ன் என்பது எந்தப் பகுதிக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று படிப்படியாகச் சொல்லும் ஆவணம். பணம் கொடுப்பதற்கு முன் அதில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஒவ்வொரு பகுதியின் அளவும் குறிக்கப்பட்ட வரைபடம், 10 சென்டிமீட்டருக்கான கண்ணி எண்ணிக்கையும் வரிசை எண்ணிக்கையும், தேவைப்படும் நூலின் மீட்டர் கணக்கு, ஊசியின் மில்லிமீட்டர் அளவு. வரைபடம் இல்லாத பேட்டர்ன் இலவசமாகக் கிடைத்தாலும் முதல் கார்டிகனுக்கு எடுக்காதீர்கள், ஏனெனில் ஓர் அளவை மாற்ற நேர்ந்தால் எங்கே மாற்றுவது என்பது தெரியாது.

ஊசி எண்ணில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் எண் பொறித்து விற்கப்படும் ஊசிகள் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் முறையைச் சேர்ந்தவை. அந்த முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். 8 என்று போட்டிருந்தால் பிரிட்டிஷ் முறையில் அது 4 மில்லிமீட்டர், அமெரிக்க முறையில் 5 மில்லிமீட்டர். ஒரு குல்லாவில் இந்தக் குழப்பம் எனக்கு நேர்ந்தது. அன்றிலிருந்து மில்லிமீட்டரைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. ஊசி அளக்கும் துளைப்பலகை மலிவான பொருள்தான், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தையலே இல்லாமல் பின்னும் பேட்டர்ன்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. அவை எளியவை, ஆனால் சட்டையைப் போல் கைகளைத் தனியே இணைத்துத் தைத்த, தோளில் நிற்கும் உடை வேண்டுமானால் முதுகு, இரண்டு முன்பகுதிகள், இரண்டு கைகள் என்று ஐந்து துண்டுகளாகப் பின்னி இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். தையல்கள் உடையின் எடையைத் தாங்குகின்றன. அதோடு, ஒரு துண்டில் தவறு நேர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் பிரித்தால் போதும்.

4. நூலும் ஊசியும், ஆகும் செலவும்

டபுள் நிட்டிங் எனப்படும் நடுத்தரத் தடிமனுள்ள நூலே முதல் முயற்சிக்கு ஏற்றது. அதைவிட மெலிந்த நூலில் காலம் மிகவும் கூடும். தடித்த நூலில் இடுப்பு வளைவும் கைக்குழியும் துல்லியமாக அமையாது. நிறம் வெளிர் அல்லது நடுத்தரமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் இரவு விளக்கில் கண்ணி தெரியாது.

அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைப்பதும் எளிது. ஆயினும் இந்த உடைக்குக் கம்பளியையே வாங்குங்கள் என்பேன். கம்பளியை நனைத்து, வேண்டிய அளவுக்கு விரித்துக் காயவைத்தால் அந்த வடிவத்தில் நிற்கும். அக்ரிலிக் வெறும் நீருக்கு அப்படி இசையாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டு நிரந்தரமாகக் கெடும்.

நூலை மீட்டரில் கணக்கிடுங்கள், எடையில் கணக்கிடாதீர்கள். மேற்சொன்ன அளவுக்கு 1,200 முதல் 1,300 மீட்டர் வரை தேவைப்படும். ஒவ்வொரு நூல்கண்டின் லேபிளிலும் நிற எண்ணோடு சாய எண் என்று இன்னொன்று இருக்கும். நிற எண் ஒன்றாகவே இருந்தாலும், சாய எண் வேறானால் நிறம் சிறிது மாறும். கடை விளக்கில் தெரியாத அந்த மாற்றம் வெயிலில் நெஞ்சின் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். என் இரண்டாவது முயற்சி நின்றது இதனால்தான். ஆறு கண்டுகள் போதும் என்று வாங்கினேன், தீர்ந்த பிறகு கேட்டபோது அந்தச் சாய எண் எங்குமே இல்லை. கணக்குக்கு மேல் ஒரு கண்டு கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே சாய எண்ணில், ஒரே நாளில் வாங்குங்கள். அஞ்சலில் வரவழைத்தால், பிரிப்பதற்கு முன் எல்லா லேபிள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது முயற்சியில் எனக்கு ஆன செலவு இது: 100 கிராம் கம்பளிக் கண்டு 480 ரூபாய் வீதம் ஏழுக்கு 3,360 ரூபாய், 4 மில்லிமீட்டரிலும் 3.25 மில்லிமீட்டரிலும் இரண்டு வட்ட ஊசிகள் (இரு முனைகளும் ஒரு வளையும் கம்பியால் இணைந்தவை) 700 ரூபாய். பேட்டர்ன் 600 ரூபாய். பொத்தான்கள் எட்டு, 160 ரூபாய். கண்ணி அடையாள வளையங்கள், துருப்பிடிக்காத குண்டூசிகள், மழுங்கிய முனையுள்ள தையலூசி ஆகியவை 250 ரூபாய். மொத்தம் 5,070 ரூபாய். கடையில் வாங்குவதைவிட இது மலிவில்லை. செலவைக் குறைப்பதற்காக இந்த வேலையைத் தொடங்குவதானால் தொடங்க வேண்டாம்.

5. மாதிரித் துண்டைப் பின்னி, அலசி, பிறகு அளங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்களானால் இதைப் படியுங்கள். குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டைப் பின்னுங்கள். அதை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் ஒரு துவாலையில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, இழுக்காமல் விரித்துக் காயவையுங்கள். முழுவதும் காய்ந்த பிறகு, விளிம்புகளை விட்டுவிட்டு நடுப்பகுதியில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

என் முதல் முயற்சியில் மாதிரித் துண்டை ஊசியிலிருந்து இறக்கியதுமே அளந்தேன். 22 கண்ணி, 30 வரிசை என்று பேட்டர்ன் சொன்னது அப்படியே வந்தது. மகிழ்ந்து முதுகுக்கு 110 கண்ணி ஏற்றினேன். என்னிடமிருந்தது இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி. அந்த வகை நனைந்தால் நெகிழ்ந்து விரியும். முடித்து அலசியபோது அது 20 கண்ணி, 28 வரிசையாக மாறிவிட்டது. தையலுக்குப் போகும் இரண்டு கண்ணி நீங்க 108 கண்ணி, 49 சென்டிமீட்டருக்குப் பதிலாக 54 சென்டிமீட்டர் ஆனது. முதுகில் ஐந்து, முன்புறத்தில் ஐந்து என்று சுற்றளவில் 10 சென்டிமீட்டர் கூடியது. 168 வரிசை 56 சென்டிமீட்டருக்குப் பதிலாக 60 சென்டிமீட்டர் நீண்டது. மூன்று மாத வேலையைக் கெடுத்தது, எளிதில் முடிந்திருக்கக்கூடிய ஒரு சோதனையை நான் செய்யாமல் விட்டதுதான்.

கண்ணி எண்ணிக்கை பேட்டர்னைவிடக் குறைவாக வந்தால் மெலிந்த ஊசிக்கும், அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறி மறுபடியும் பின்னுங்கள். கையை இறுக்கிப் பிடித்தோ தளர்த்தியோ எண்ணிக்கையை வரவழைக்க முயலாதீர்கள். இரண்டாம் நாளே கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும். நான் மூன்றாம் முறை நான்கு மாதிரித் துண்டுகள் பின்னினேன்.

6. முதுகுப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்

முதுகு எளிது, வலமிடக் குழப்பம் இல்லை, கை ஒரு சீருக்கு வரும் வரை அதில் பழகலாம். என் கணக்கை உதாரணமாகத் தருகிறேன். உங்கள் எண்களை இதே முறையில் போட்டுக்கொள்ளுங்கள். 49 சென்டிமீட்டரை 2.2 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 108, தையலுக்கு இரண்டு சேர்த்து 110 கண்ணி. கீழே ரிப் பின்னலில் (நிட்டும் பர்லும் மாறிமாறி வரும், இழுபடும் பின்னல்) 5 சென்டிமீட்டர். அதன் பிறகு இடுப்பு வளைவுக்காக ஆறு வரிசைக்கு ஒரு முறை, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி வீதம் ஆறு முறை குறைத்தால் 98 கண்ணி நிற்கும். சிறிது நேராகப் பின்னிய பின், அதே அளவில் கூட்டி 110க்குத் திரும்ப வேண்டும். அக்குள் வந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கண்ணி மூடி, அடுத்து இரண்டு மூடி, பிறகு உடையின் வெளிப்பக்கம் நம்மை நோக்கியிருக்கும் வரிசைதோறும் ஒன்றாக ஆறு முறை குறைத்தால் 84 கண்ணி மிஞ்சும். தையல் போக அது 37 சென்டிமீட்டர், அதாவது என் முதுகு அகலம்.

குறைக்கும்போது வரிசையின் தொடக்கத்தில் இடப்பக்கம் சாயும் குறைப்பையும், முடிவில் வலப்பக்கம் சாயும் குறைப்பையும் இடுங்கள். ஓரத்தின் முதல் கண்ணியில் குறைக்காமல் ஒரு கண்ணி உள்ளே தள்ளிக் குறைத்தால், பிறகு தைக்கும்போது ஓரம் சீராக இருக்கும்.

ஒவ்வொரு வளைவும் தொடங்கும் முன்பு, வேறு நிறத்தில் ஒரு வழுவழுப்பான பருத்தி நூலைத் தையலூசியில் கோத்து, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளினூடாகவும் ஓட்டிவிடுங்கள். பின்னால் பிரிக்க நேர்ந்தால் பின்னல் அந்த நூலோடு நிற்கும், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது. இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிசையையும் முடித்ததும் கோடிட்டுக் குறியுங்கள். எங்கே எத்தனையாவது வரிசையில் குறைத்தீர்கள் என்று எழுதாவிட்டால், இரண்டு மாதம் கழித்து முன்பகுதியைப் பின்னும்போது இரண்டின் பக்க ஓரங்களும் ஒத்துப்போகா.

7. முன்பகுதிகளும் கைகளும்

இரண்டு முன்பகுதிகளை ஒரே வட்ட ஊசியில், இரண்டு கண்டுகள் கொண்டு பக்கத்தில் பக்கமாகப் பின்னுங்கள். கைகளையும் அவ்வாறே பின்னுங்கள். தனித்தனியாகப் பின்னினால் இரண்டாவது கை முதலாவதைவிட நான்கு வரிசை கூடவோ குறையவோ அமைவது இயல்பு. அதோடு, ஒரு கையை முடித்த களைப்பில் இரண்டாவதைத் தொடங்காமல் மாதக்கணக்கில் போட்டுவிடுவோரும் உண்டு. முன்பகுதிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை என்பதை மறக்காதீர்கள். கைக்குழி எந்த ஓரம், கழுத்து எந்த ஓரம் என்று ஒவ்வொன்றிலும் வண்ண வளையம் மாட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடமுன்பகுதிகளைப் பின்னி முடித்தவர்களை நான் அறிவேன்.

கையின் மேல்வளைவுதான் மொத்த உடையிலும் கடினமான இடம். அக்குளில் கண்ணி மூடும் எண்ணிக்கை உடலில் மூடியதற்குச் சமமாக இருக்க வேண்டும். என் கணக்கில் ஐந்து, பிறகு இரண்டு. வளைவின் உயரம் கைக்குழி ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 19 சென்டிமீட்டர் கைக்குழிக்கு 13 சென்டிமீட்டர், அதாவது 40 வரிசை. பின்னி முடித்ததும், இஞ்ச் டேப்பை நிறுத்திப் பிடித்து வளைவின் விளிம்பை அளங்கள், உடலின் முன்னும் பின்னுமான கைக்குழி விளிம்பையும் அளங்கள். கையின் விளிம்பு உடலினதற்குச் சமமாகவோ ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாகவோ இருந்தால் சரி. அதற்கு மேல் கூடினால் தோளில் கொசுவம் விழும், குறைந்தால் கையை உயர்த்தும்போதெல்லாம் உடை முழுவதும் மேலே ஏறும். இந்த இடத்தில் நான் நான்கு முறை பிரித்தேன். நான்காவது முறை கண்ணி எண்ணிக்கையை மாற்றாமல், குறைப்புகளுக்கு இடையிலான வரிசைகளை மட்டும் நடுப்பகுதியில் கூட்டி, உச்சியில் நெருக்கினேன், அப்போதுதான் பொருந்தியது.

8. எப்போது பிரிப்பது

தவறு கண்ணில் பட்டதும் பிரிக்காதீர்கள், விட்டுவிடவும் செய்யாதீர்கள். அன்றைய வேலையை அங்கேயே நிறுத்தி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அளவைப் பாதிக்கும் தவறானால் பிரிக்கத்தான் வேண்டும்; பின்னால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. ஒரு கண்ணி மட்டும் நிட்டுக்குப் பதில் பர்லாக விழுந்திருந்தால், அந்த ஒரு கண்ணியை மட்டும் கீழே இறக்கி, கொக்கியூசியால் ஏணிப்படி போல் ஏற்றிச் சரிசெய்யலாம். பிரித்த நூலை உடனே பின்னாதீர்கள். சிட்டமாகச் சுற்றி நனைத்து, காயவைத்து, சுருள் நீங்கிய பின் பின்னுங்கள்.

களைத்த கையோடு பின்னும் வரிசைகள் இறுகிப்போகும் என்பதால், அரை மணி நேரத்திற்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்து மணிக்கட்டை அசைத்துக்கொடுங்கள். வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள்.

9. தைப்பதற்கு முன் அலசி விரித்துக் காயவையுங்கள்

ஐந்து துண்டுகளையும் மாதிரித் துண்டைப் போலவே ஊறவைத்து, ஈரம் எடுத்து, ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வரைபடத்தின் அளவுகளுக்குக் குண்டூசி குத்தி நிறுத்துங்கள். ரிப் பகுதியை இழுத்துக் குத்தாதீர்கள், அதன் மீள்தன்மை போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இவை காய நான்கு நாட்களாகின்றன; அரைகுறை ஈரத்தில் குண்டூசியை எடுத்தால் துண்டு சுருங்கும், முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

10. இணைத்தல்

தோள்களை முதலில் தையுங்கள். கைகளின் எடை முழுவதும் அங்கே தொங்குவதால், தோள் கண்ணிகளை மூடிவிட்டு உறுதியாகத் தைப்பதே நல்லது. அடுத்து, கையின் உச்சி நடுவைத் தோள் தையலோடும், அக்குளில் மூடிய கண்ணிகளை ஒன்றோடொன்றும் சேர்த்துக் குண்டூசி குத்தி, உச்சியிலிருந்து இரு பக்கமும் கீழ்நோக்கித் தையுங்கள். கடைசியில் மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாகக் கீழ்விளிம்பு வரை ஒரே ஓட்டமாகத் தைத்து முடிக்கலாம். பக்கத் தையலுக்கு, முதல் கண்ணிக்கும் இரண்டாவதற்கும் இடையே ஓடும் குறுக்கிழையை இரு பக்கமும் மாறிமாறி எடுத்துத் தைக்கும் மெட்ரஸ் தையலே சிறந்தது. அது வெளியே தெரியாது. ஒரு நாளில் ஒரு தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11. பட்டி, காஜா, பொத்தான்

பொத்தானை முதலில் வாங்குங்கள், அதன் அளவைப் பார்த்துக் காஜா போடுங்கள். முன்விளிம்பில் கண்ணி எடுக்கும்போது வரிசைக்கு ஒன்று எடுத்தால் பட்டி அலையாக நெளியும். 22க்கு 30 என்ற விகிதத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்பதே சரி. 144 வரிசைக்குச் சுமார் 108 கண்ணி வரும், ஒற்றை ரிப்புக்காக ஒன்று கூட்டி 109. மெலிந்த ஊசியில் பின்னுங்கள்.

காஜா இல்லாத பட்டியை முதலில் முடியுங்கள். பெண்களின் உடையில் அது அணிபவரின் இடப்பக்கம், ஆண்களின் உடையில் வலப்பக்கம். அணிந்து பார்த்து, மார்பின் மிக அகன்ற இடத்தில் ஒரு பொத்தானைக் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழும் சம இடைவெளியில் குறியுங்கள். அந்த இடத்தில் பொத்தான் இல்லையென்றால் உட்காரும்போது பட்டி பிளந்து நிற்கும். பிறகு மறு பட்டியில் அந்தக் குறிகளுக்கு நேராகக் காஜா போடுங்கள்.

12. முடித்த பின்

ஹேங்கரில் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள், இல்லையேல் தோள் இறங்கும். பூச்சி அரிக்காமலிருக்க, அலசிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். மிச்ச நூலில் ஒரு சிறு சுருள், ஒரு லேபிள், மிஞ்சிய எட்டாவது பொத்தான், அளவுகளும் வரிசைக் குறிப்புகளும் எழுதிய அந்த நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு உடையோடு சேர்த்து வையுங்கள். முழங்கையில் இழை விட்டுப்போகும் நாளில் அதே சாய எண்ணில் நூல் வேறெங்கும் கிடைக்காது.